வீட்டுச் சேமிப்புக்குச் சோடியம் அயனி பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி – புத்தளம் வாசகர்

நாகர்கோவிலை அடுத்த புத்தளத்தில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் தகடுகள் வைத்திருக்கிறோம். இரவுப் பயன்பாட்டுக்காக 5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி வாங்க எண்ணியிருக்கும் வேளையில், சோடியம் அயனி பேட்டரி மிக மலிவாக வரப்போகிறது, பொறுத்திருங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உப்பளங்களுக்கு நடுவில் வாழும் எங்களுக்கு, உப்பில் இருக்கும் சோடியத்தைக் கொண்டு செய்யும் பேட்டரி மலிவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – மார்த்தாண்டம் பொறியாளர்

ஐயா, எந்த லித்தியத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுச் சேமிப்புக்கு இன்று பெரும்பாலும் விற்பனையாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. விலை கூடிய கோபால்ட்டும் நிக்கலும் அதில் இல்லாததால், சோடியம் போட்டியிட வேண்டியிருப்பது ஏற்கெனவே மலிவாகிவிட்ட ஒரு பேட்டரியோடு.

லித்தியத்தின் அணு எடை 7, சோடியத்தின் அணு எடை 23. சோடியம் செல்லின் மின்னழுத்தமும் சற்றுக் குறைவு. கிலோவுக்கு 160 வாட்-மணி தரும் இரும்பு பாஸ்பேட் செல்களில் 5 யூனிட் (5,000 வாட்-மணி) சேமிக்கச் சுமார் 31 கிலோ போதும். கிலோவுக்கு 120 வாட்-மணி தரும் சோடியம் செல்களில் அதற்குச் சுமார் 42 கிலோ வேண்டும். காருக்கு இது சுமை. சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே எடையைக் காட்டிச் சோடியத்தை ஒதுக்குவோர் சொல்வதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

உப்பு மலிவு என்பது உண்மை. ஆனால் செல்லின் விலையில் லித்தியம் ஒரு பங்குதான். லித்தியம் அலுமினியத்தோடு கலந்துவிடும் என்பதால் லித்தியம் செல்லின் எதிர்மின்முனையில் (நெகட்டிவ்) செம்புத் தகடு வைத்தே ஆக வேண்டும். சோடியம் அவ்வாறு கலப்பதில்லை என்பதால் இரு முனைகளுக்கும் அலுமினியமே போதும், இது நல்ல மிச்சம். மறுபுறம், லித்தியம் செல்லின் எதிர்மின்முனையில் பயன்படும் கிராஃபைட்டுக்குள் சோடியம் சரிவரப் புகாததால் அதைவிட விலை கூடிய கடினக் கரி தேவைப்படுகிறது. 2022 இறுதியில் சீனாவில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட் (லித்தியம் பேட்டரியின் மூலப்பொருள்) 2024இல் 1 லட்சத்துக்கும் கீழே இறங்கியபோது, சோடியத்துக்கு இருந்த விலைச் சாதகத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

பதில் – தக்கலை சோலார் அமைப்பாளர்

இன்வெர்ட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 செல்கள் கொண்ட இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ 40 முதல் 58 வோல்ட்டுக்குள் இயங்கும். பல சோடியம் செல்கள் 1.5 முதல் 4 வோல்ட் வரை ஏறி இறங்குவதால், அதே 16 செல்கள் 24 முதல் 64 வோல்ட் வரை போகும். 48 வோல்ட் இன்வெர்ட்டர் அவ்வளவு கீழே இறங்குமுன் நின்றுவிடுமானால், பணம் கொடுத்து வாங்கிய கொள்ளளவில் ஒரு பகுதி உங்களுக்குப் பயன்படாது. கடுங்குளிரிலும் நன்றாக இயங்குவது சோடியத்தின் பெரிய சிறப்பு என்பார்கள். பேச்சிப்பாறை மலையிலும் உறைபனி காணாத நமக்கு அதனால் பலனில்லை.

புத்தளம் வாசகர்

இரு பருவமழையும் பெய்யும் ஊர் இது. சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோமே?

பதில் – மார்த்தாண்டம் பொறியாளர்

வெடிப்பது உலோகச் சோடியம். இந்தச் செல்லில் இருப்பது, சமையல் உப்பில் இருப்பதைப் போன்ற அயனி வடிவச் சோடியம். எனினும் இதிலும் எரியக்கூடிய கரைப்பானே பயன்படுவதால், தீப்பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது உறுதி சொன்னால் ஏற்க வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளின் மின்சாரத்தைச் சில மணி நேரம் தேக்கிவைக்கும் பெரிய நிலையங்களுக்குச் சோடியம் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 100 மெகாவாட்-மணி கொள்ளளவில் அத்தகைய நிலையம் 2024இல் இயங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டுக்கு இப்போதே இரும்பு பாஸ்பேட் வாங்குங்கள். எந்த வகையானாலும் கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால், நன்கு மூடிய பெட்டியில், வெயில் படாத உள்சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.