புதுப்பிப்பு: எந்தப் பௌத்த மரபில் தொடங்குவது? ஒரு திருத்தம்

"புதியவர் யோசிக்காமல் கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா முகாமுக்குப் போகலாம்" என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அந்த 'யோசிக்காமல்' தவறு.

ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வகுத்த அந்தத் தியான முகாமில் விழிப்பு அதிகாலை 4 மணிக்கு, தியானம் நாளுக்குச் சுமார் 10 மணி நேரம். முதல் மூன்றரை நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம் மட்டுமே. உடல் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா 4ஆம் நாள்தான். அதன்பின் தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். முழங்காலும் இடுப்பும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆகவே வீட்டில் அரை மணி நேரமாவது உட்காரப் பழகிவிட்டு விண்ணப்பியுங்கள். மனநல மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது. முகாமுக்காக மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கட்டணம் கிடையாது, நன்கொடையும் முகாமை முடித்தவரிடம் மட்டும்தான். முன்பணம் கேட்டால் அது வேறு ஏதோ இடம்!

நீண்ட நேரம் உட்கார முடியாதவருக்கு பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறை தோது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனத்துக்குள் குறித்துக்கொள்வார்கள். உட்காருவதும் நடப்பதும் மாறி மாறி வரும். ஜென் வேண்டுமென்றால் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்னும் ஜென் தியான மையம் இருக்கிறது.

திபெத்திய தாந்திரிக அபிஷேகத்துக்கு (குரு தரும் தீட்சை) மட்டும் அவசரம் வேண்டாம். அதோடு 'சமய' என்னும் உறுதிமொழிகளும் வரும். குருவை 12 ஆண்டு வரை சோதிக்கலாம் என்று அந்த மரபிலேயே சொல்வார்கள்.