பொருள்: ஷ்மிட் கொதிகலனின் உள்சுற்றுக்கு என்ன சொல்? (அடைசுற்று / வெப்பமேந்து சுற்று / தனிநீர்ச் சுற்று)

குழுவினர்க்கு வணக்கம்.

உயரழுத்த நீராவி எஞ்சின்களுக்கான சொற்பட்டியலில் ஒரு சொல் இடறுகிறது. ஷ்மிட் முறையில் உலையறையின் சுவராகவே நிற்கும் குழாய்களுக்குள் வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த, உப்பில்லா நீர்) சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுற்றுக்கு நம் பட்டியல் "மீயுயர் அழுத்தச் சுற்று" என்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

1929-இல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய 6399 'ஃப்யூரி' ரயில் எஞ்சினைப் பாருங்கள். வடிநீர்ச் சுற்றில் சதுர அங்குலத்துக்கு 1400 முதல் 1800 பவுண்டு. அந்த ஆவி எந்தச் சிலிண்டருக்கும் போவதில்லை. உயரழுத்த டிரம்முக்குள் (நீர் நிற்கும் உருளைக் கலம்) இருக்கும் சுருள்குழாய்களுக்கு ஏறி, டிரம் நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, தானும் நீராகி, இறங்குகுழாய் வழியே உலையறைக்குத் திரும்பிவிடும். நடுச் சிலிண்டரை ஓட்டுவது டிரம்மில் எழும் 900 பவுண்டு ஆவி. அது வேலை முடித்து வெளியேறியதும், முன்பக்கத்து வழக்கமான கொதிகலனின் 250 பவுண்டு ஆவியோடு கலந்து வெளிச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் போகும்.

மற்ற இரண்டுக்கும் ஒற்றை எண் இருக்க, முதலாவதுக்கு மட்டும் ஏன் "1400 முதல் 1800"? அதற்கென்று நிலையான அழுத்தமே கிடையாது. தீயின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும். 900 பவுண்டில் நீர் கொதிப்பது ஏறக்குறைய 280 பாகை செல்சியஸில். அதைக் கொதிக்கவைக்கச் சுருளுக்குள் அதைவிடச் சூடு வேண்டும்: 1400 பவுண்டில் சுமார் 310 பாகை, 1800-இல் சுமார் 328. இந்த இடைவெளிதான் வெப்பத்தைத் தள்ளுகிறது. சுருளின் வெளிப்புறம் உப்புப் படிந்தால் அதே வெப்பத்தைத் தள்ள இடைவெளி கூடவேண்டும், அழுத்தமும் கூடும். ஆக, இங்கே அழுத்தம் என்பது விளைவு. விளைவின் பெயரைப் பொருளுக்கு வைக்கலாகாது.

"மூடிய சுற்று" என்றால் பள்ளி இயற்பியலின் மின்சுற்றுதான் எல்லார் நினைவுக்கும் வரும். அதனால் "அடைசுற்று" என்று முன்மொழிகிறேன்.

---

> அதனால் "அடைசுற்று" என்று முன்மொழிகிறேன்.

ஐயா, அழுத்தம் பற்றிய உங்கள் வாதம் முழுக்கச் சரி. ஆனால் கொதிகலன் வேலையில் "அடை" என்று தொடங்கினாலே காதில் விழுவது அடைப்பு. இந்தச் சுற்றில் அது சிறிய குழப்பமல்ல.

வடிநீரை வைத்ததற்குக் காரணமே தீயில் நிற்கும் குழாயில் படிவு சேரக்கூடாது என்பதுதான். படிவு ஏறிய குழாயின் உலோகம் நீரால் குளிராமல் சூடேறி, மெத்தென்றாகி, புடைத்துக் கிழியும். வடிநீர் அந்த ஒரு கேட்டைத் தடுக்கும். சுழற்சி தளர்வதைத் தடுக்காது. எங்காவது ஓட்டம் மந்தமாகி ஆவி குழாயிலேயே தங்கிவிட்டால், துளி உப்பு இல்லாமலே உலோகம் சூடேறிவிடும். 1930 பிப்ரவரி 10 அன்று சோதனை ஓட்டத்தில் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் நிலையத்தை நெருங்கும்போது ஃப்யூரியின் இந்தச் சுற்றுக் குழாய் ஒன்றுதான் வெடித்தது. உலையறையின் வாய் வழியே ஆவியும் நெருப்பும் ஓட்டுநர் அறைக்குள் பாய்ந்து ஓர் உயிர் போனது. இதை விளக்கும் கட்டுரையில் "அடைசுற்றில் அடைப்பில்லை, ஆயினும் குழாய் வெடித்தது" என்று எழுத வேண்டிவந்தால் படிப்பவர் தடுமாறிப்போவார்.

செய்யும் வேலையைச் சொல்வோமே: "வெப்பமேந்து சுற்று".

---

இருவருக்கும் வணக்கம். "வெப்பமேந்து" காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வலை அகலமாகிவிட்டது. ஜெர்மனியின் 120 பார் (ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.5 பவுண்டு) ஷ்வார்ட்ஸ்கோப்ஃப்-லெஃப்லர் எஞ்சினிலும் வெப்பமேந்தும் சுற்று உண்டு. அங்கே பம்பு ஒன்று ஆவியைத் தீக்குழாய்களின் வழியே தள்ளி மீச்சூடாக்கும். அதன் பெரும்பகுதி டிரம் நீருக்குள்ளேயே செலுத்தப்பட்டுப் புது ஆவியை எழுப்பும். மிச்சம் சிலிண்டருக்குப் போகும். அதாவது வெப்பத்தை ஏந்துவதும் வண்டியை இழுப்பதும் ஒரே ஆவி. ஷ்மிட் முறையில் இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை. 1925-இல் ஹென்ஷெல் கட்டிய 60 பார் எச் 17 206 எஞ்சினும் ஷ்மிட் வகைதான்.

இரண்டையும் பிரிப்பது, நீர் தனியாக நிற்கிறதா என்பதே. எனவே தனிநீர்ச் சுற்று. சேர்க்கைகளும் இயல்பாக வருகின்றன: தனிநீர்க் குழாய், தனிநீர் அழுத்தமானி, தனிநீர்க் கசிவு. லெஃப்லர் முறைக்குப் "பொதுவாவிச் சுற்று" எனலாம். "வெப்பமேந்து" இரண்டுக்கும் பொதுச்சொல்லாக நிற்கட்டும்.

கூடங்குளம் அணு உலையில் இதற்கு நிகரானதை "முதன்மைச் சுற்று" என்கிறோமே என்று யாரேனும் கேட்கலாம். அங்கே சுமார் 157 பாரில் நீரைக் கொதிக்கவிடாமலே சுழற்றுகிறார்கள்; இங்கே நீர் கொதித்து, ஆவியாகி, மறுபடி நீராகிறது. தவிர, எஞ்சினைப் பற்றிப் பேசுகையில் "முதன்மை" என்றால் சிலிண்டருக்குப் போகும் 900 பவுண்டு ஆவி என்றே எவரும் கொள்வர்.

---

ஏற்கிறேன். "அடைசுற்று"வைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

தனிநீர்ச் சுற்று: உலையறைக் குழாய்களில் வெப்பம் ஏற்று, டிரம்மின் சுருள்குழாய்களில் அதை இறக்கி, சிலிண்டருக்குச் செல்லாமல் திரும்பும் வடிநீரின் சுற்று. அழுத்தம் நிலையானதன்று.

"பொதுவாவி"யை "பொது ஆவி" என்று பிரித்தே எழுதலாமா? சேர்த்து எழுதினால் "வாவி" என்று கண் நிற்கிறது.