குண்டுமல்லி இலையாகவே வளர்கிறது, பூக்க என்ன செய்ய?

பாளை மாடி:
பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் தொட்டியில் வைத்த குண்டுமல்லி, இரண்டு வருஷமாகக் கொடி மாதிரி நீண்டுகொண்டே போகிறது, போன சித்திரையில் மொத்தமே பத்துப் பூதான். சுவர் ஓரம், வெயில் இரண்டு மணி நேரம் படும். இந்த ஐப்பசியில் தளிர் இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மழை இல்லாத நாளில் போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். ஆச்சி வீட்டு வாசலில் நின்ற செடியை யாரும் கவனித்ததே இல்லை, பங்குனி வந்தால் தினமும் ஒரு சொளகு பூ பறிப்போம்.

சங்கரன்கோவில் பூக்காடு:
வெட்டினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே. மல்லி பழைய குச்சியில் பூக்காது, புதுத் தளிர் நுனியில்தான் மொட்டு கட்டும். நாங்கள் மழை ஓய்ந்ததும் மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து பண்ணிவிடுவோம், அப்புறம் தொழுவுரம், தண்ணீர். மாசி கடைசியில் மொட்டு தெரியும். உங்கள் ஆச்சி வீட்டுச் செடியை ஆடு கடித்திருக்கும், அதுவும் கவாத்துதான்.

அம்பை அக்கா:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் வெயில் இல்லாமல் வெட்டி என்ன செய்ய? ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், தொட்டியை நகர்த்துங்கள். அந்த இடத்துக்கு மனோரஞ்சிதம் வையுங்கள், பூ பச்சையாக இருக்கும்வரை கண்ணுக்கே தெரியாது, மஞ்சளாகும்போது பழ வாசம் வீடு முழுக்க அடிக்கும்.

இலை மஞ்சளானது இரும்புச்சத்து இல்லாமல். சுண்ணாம்பு கலந்த அந்தப் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு மறுபடி. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் அதையே ஊற்றுங்கள், இப்போது மழைத் தண்ணீரையும் பிடித்து வைக்கலாம்.

பாளை மாடி:
தொட்டியை வெயிலுக்கு இழுத்துவிட்டோம். இவ்வளவு நீளம் வளர்ந்ததை வெட்ட மனசே வரவில்லை, அந்தக் குச்சியை நட்டால் பிடிக்குமா அண்ணாச்சி?

சங்கரன்கோவில் பூக்காடு:
தாராளமாக. பாதி முற்றிய குச்சியாகப் பார்த்து மூன்று கணு விட்டு நறுக்கி, இரண்டு கணு செவல் மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் மட்டும் காயக் கூடாது.