சக்ராதா ஃபமிலியா கோபுரம்: எந்தப் பக்கம், எந்த நேரம்?

கேள்வி:
நவம்பர் கடைசியில் பார்சலோனாவில் மூணு நாள் இருப்போம். அங்க இருக்கிற சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கோம். பெரியவங்க மூணு பேர், அதுல ஒருத்தருக்கு வயசு 66, முட்டிவலி உண்டு. கூட 5 வயசுக் குழந்தை. எல்லாருக்கும் கோபுரத்தோட சேர்த்து டிக்கெட் போடலாமா? இயேசுவோட பிறப்பைக் காட்டும் பிறப்பு முகப்புக் கோபுரமா, அவர் பட்ட துன்பங்களைக் காட்டும் பாடுகளின் முகப்புக் கோபுரமா? காலையா, சாயங்காலமா?

பதில் 1:
எல்லாருக்கும் போடாதீங்க. 6 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் கோபுரத்துக்கு விடறதில்லை. தூக்கிட்டுப் போறோம்னு சொன்னாலும் நடக்காது.

அடுத்தது முட்டி. லிஃப்ட் ஏறுறதுக்கு மட்டும்தான். இறங்குறது முழுக்கக் கால்நடை, சில நூறு படி. நத்தை ஓடு மாதிரி சுருண்டு இறங்கும் குறுகலான படிக்கட்டு. நடுவில் தூண் கிடையாது, எட்டிப் பார்த்தா கீழே வரைக்கும் குழி தெரியும். படியோட உள்பக்கம் ஒடுங்கியிருக்கும், அதனால சுவரோரமா கால் வைக்கணும். பாதி வழியில் முட்டி மக்கர் பண்ணா திரும்பி லிஃப்டுக்குப் போக முடியாது, பின்னாடி ஆட்கள் வந்துட்டே இருப்பாங்க. தலைசுற்றல், இதயக் கோளாறு இருக்கிறவங்களும் தவிர்க்கிறதே நல்லது.

உங்களுக்குச் சரியான வழி: ரெண்டு பேருக்குக் கோபுரம் சேர்ந்த டிக்கெட், முட்டிவலி உள்ளவருக்கும் குழந்தைக்கும் பசிலிக்கா, அதாவது தேவாலயம் மட்டும். 11 வயசுக்குக் கீழே இலவசம், ஆனா முன்பதிவில் குழந்தையையும் சேர்த்தே ஆகணும். ரெண்டு வகை டிக்கெட்டுக்கும் ஒரே நுழைவு நேரமா எடுங்க. இதைக் கவனிக்காம விட்டா குடும்பம் வாசல்லயே ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்.

பதில் 2:
எந்தக் கோபுரம் என்பதற்கு என் பதில்: பிறப்பு முகப்பு. தேவாலயத்தின் கட்டடக் கலைஞர் கௌடி உயிரோடு இருந்தபோதே எழுந்தது அது. அங்குள்ள பர்னபா கோபுரம் மட்டும்தான் 1925இல் அவர் கண்முன்னே முடிந்தது. அடுத்த வருடம் டிராம் மோதி இறந்தார், உடல் கீழே நிலவறையில் இருக்கிறது. மேலே கோபுரங்களை இணைக்கும் பாலத்தில் நின்றால், சிற்பமாக நிற்கும் பச்சை சைப்ரஸ் மரமும் அதில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புறாக்களும் மிகப் பக்கத்தில் தெரியும். தரையிலிருந்து பார்க்கும்போது அவை வெறும் புள்ளிகள்.

பாடுகளின் முகப்பைக் கீழிருந்து நிதானமாகப் பார்ப்பதே நிறைவு. சிற்பி சுபிராக்ஸ் செதுக்கிய, யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் சிற்பத்தின் அருகே பதினாறு கட்டங்களில் எண்கள் இருக்கும். எந்த வரிசையைக் கூட்டினாலும் 33, இயேசு இறந்த வயது. 1 முதல் 16 வரையிலான எண்களில் 10, 14 இரண்டு தடவை வரும்; 12, 16 கிடையாது. குழந்தையோடு காத்திருப்பவருக்கு நல்ல பொழுது.

நேரத்தைப் பொறுத்தவரை, கோபுரத்தைவிட உள்ளே விழும் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பிறப்பு முகப்புப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், காலை வெயிலில் உயிர் பெறும். எதிர்ப்பக்கம் சிவப்பும் ஆரஞ்சும், பிற்பகலில் தூண்களின் மேல் அப்படியே வழியும். நவம்பரில் சூரியன் தாழ்ந்து வருவதால் நிறம் வெகுதூரம் உள்ளே பாயும். ஐந்தரைக்குள் அஸ்தமனம், எனவே மூன்று மணி நுழைவு நன்று. மேகமூட்டம் என்றால் இந்தக் கணக்கு பலிக்காது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. மழை வந்தா? பைகளை என்ன செய்யறது?

பதில் 3:
மழையோ பலத்த காற்றோ வந்தா கோபுரத்தை மூடிடுவாங்க. கோபுரத்துக்கான பணம் மட்டும் திரும்ப வரும், பசிலிக்கா வழக்கம்போலத் திறந்திருக்கும். அதனால கடைசி நாளுக்குத் தள்ளாம முதல் நாளே வச்சுக்கோங்க.

கோபுர லிஃப்ட் பக்கத்துல பெட்டகம் இருக்கு, முதுகுப்பையை அங்க வச்சுட்டுத்தான் ஏறணும். கேமராவும் போனும் கையில இருக்கட்டும். சோதனை விமான நிலையம் மாதிரி ஸ்கேனரோட நடக்கும், அதனால 15 நிமிஷம் முன்னாடியே மரினா தெருப் பக்க வாசலுக்கு வந்துடுங்க. மெட்ரோ எல்2, எல்5 ரெண்டும் வாசல்லயே நிக்கும்.

டிக்கெட்டை ஆன்லைன்ல மட்டும்தான் எடுக்க முடியும். கோபுர நேரம் முதல்ல தீர்ந்துபோகும், தேதி உறுதியான அன்னைக்கே போட்டுடுங்க. ஒலி வழிகாட்டி போன் செயலியில வரும், ஆளுக்கொரு இயர்போன் எடுத்துட்டுப் போங்க. இது வழிபாடு நடக்கும் இடம், தோள் மூடின உடை வேணும்.