பனி வண்டிக்கும் நம்ம செயின் வண்டிக்கும் ஒரே பூர்வீகமா?

பாகூர் விவசாயி:
சேற்று வயல்ல இறங்குற செயின் டைப் அறுவடை வண்டியும் பனி வண்டியும் ஒரே அடிப்படையா? முதல்ல செஞ்சது யாரு?

கடலூர் ஓ.டி. மெக்கானிக்:
ஒன்றுதான் சார். எடையைப் பரப்பினால் புதையாது. 3 டன் வண்டி 2 சதுர மீட்டர் பட்டையில் (நீங்க சொல்ற செயின்) நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம்தான். நடக்கும்போது நம் பாதமே இதைவிட அதிகம் அழுத்தும். ரஷ்ய ஜாரின் கார்களைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ், அந்தக் கார்கள் பனியில் ஓட, பின்சக்கரத்துக்குப் பதில் வளைந்துகொடுக்கும் பட்டை மாட்டினார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரெஞ்சு கார் நிறுவனமான சிட்ரோயனில் சேர்ந்தார். 1922 டிசம்பரில் அதே பட்டை வண்டிகள் சகாராவைக் கடக்கக் கிளம்பின. பனிக்குச் செய்தது மணலிலும் ஓடியது, அதுதான் அழகு!

புதுச்சேரி வாசகர்:
தென்துருவப் பயணம் போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டை விடக் கூடாது. 1910-இல் அண்டார்டிகாவுக்கு 3 மோட்டார் சறுக்கு வண்டிகள் கொண்டுபோனார். ஒன்று இறக்கும்போதே பனி உடைந்து கடலில் மூழ்கியது. மற்ற இரண்டிலும் பட்டை தாங்கியது, இன்ஜின்தான் தாங்கவில்லை: சூடேறி, கனெக்டிங் ராடின் (பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பெரிய முனை போய்விட்டது.
கனடாவின் கண்டுபிடிப்பாளர் பொம்பார்டியே 1937-இல் காப்புரிமை வாங்கியது, பட்டையை ஓட்டும் ரப்பர் போர்த்திய பல்சக்கரத்துக்கு. 1959-இல் அவருடைய சிறிய பனி வண்டி ஸ்கீ-டூ வந்தது.

பாகூர் விவசாயி:
பல்லுக்கு ஏன் ரப்பர்?

கடலூர் ஓ.டி. மெக்கானிக்:
வெறும் இரும்புப் பல்லில் பனி அப்பி இறுகும். சக்கரத்தின் சுற்றளவு கூடும், பட்டை விறைத்துக் கழலும். உங்க வண்டியில் களிமண் செய்வதும் இதேதான். காய்வதற்குள் கழுவிவிட்டு, அப்புறம் செயின் தொய்வைப் பாருங்க. மண்ணோடு பார்த்தால் அளவு தப்பும்.