2147483647 பகா எண் என்று கையாலேயே எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மில் எலக்ட்ரீஷியன்:
எங்கள் மில்லில் ஒரு மெஷினின் பல்ஸ் கவுண்ட்டர் போன வாரம் 2147483647 வரை ஏறி, அடுத்த பல்ஸில் −2147483648 என்று காட்டியது. "நூல் மைனஸில் ஓடுதாப்பா?" என்று சூப்பர்வைசர் கேலி. 32 பிட் நிறைந்துவிட்டது, சரிசெய்தாயிற்று. ஆனால் தேடிப் பார்த்தால் இது, அதாவது 2³¹−1, பகா எண்ணாம், 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவினாராம். பகா எண் என்பதால்தான் கம்ப்யூட்டரில் இதை எல்லையாக வைத்தார்களா? வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை, நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்கள் உண்டே, அத்தனையாலும் வகுத்தாரா மனிதர்?

கோடு எழுதுபவன்:
முதல் கேள்விக்கு: இல்லை, தற்செயல். 16 பிட்டின் எல்லை 32767 = 7×31×151. 64 பிட்டின் எல்லையும் 7ஆல் வகுபடும்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
தம்பி, அவர் அவ்வளவு வகுக்கவில்லை. ப என்ற பகா எண் 2³¹−1ஐ வகுப்பதாக வையுங்கள். அப்போது 2³¹ஐ ப-வால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (ப−1)ஆம் அடுக்குக்கும் மீதி 1. 31 பகா எண் என்பதால் அது ப−1ஐ வகுத்தே ஆக வேண்டும். ப ஒற்றைப்படை, ஆகவே 62ஆல் வகுத்தால் மீதி 1.

அப்புறம்தான் அழகான இடம். 2³²க்கு மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கம் 2ஐ மீதியாகத் தருகிறது. அப்படி நடக்க வேண்டுமானால் ப-வை 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. 63ஐயே தள்ளிவிட்டால் 46340க்குள் மொத்தம் 372 எண்கள்தான். அதிலும் 249 மூன்றால் போகும், 497 ஏழால் போகும். முதலில் நிற்பது 311, அடுத்தது 1303.

ரிட்டயர் ஆன வருடம் நீள நோட்டில் நானே போட்டேன். 311க்கு மீதி 35, 1303க்கு 226. இருபது வகுத்தலில் நோட்டை மூடிவிட்டேன். ஆய்லருக்கு அப்போது பார்வை ஏறக்குறைய போய்விட்டது.

கோடு எழுதுபவன்:
ஆய்லருக்கு முன்பே இத்தாலியில் கட்டால்டி என்ற கணிதர், 2-இன் 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்கிலும் 1ஐக் கழித்தால் பகா எண் வரும் என்றார். 2²³−1 = 47×178481. நாலில் 31 மட்டும்தான் தேறியது.

மில் எலக்ட்ரீஷியன்:
நன்றி சார். டீ நேரத்தில் 2¹¹−1 = 2047க்கு உங்கள் வழியில் போட்டேன். 45க்குள் சிக்கிய ஒரே எண் 23. வகுத்தால் 89, மீதியே இல்லை! சூப்பர்வைசரிடம் காட்டினேன். "கவுண்ட்டரை 64 பிட்டுக்கு மாத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார்.