‘கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தில் அறவே ஒதுக்க வேண்டுமா?

கேள்வி:
ஆங்கிலத்தில் அலுவல் கடிதங்களும் அறிக்கைகளும் எழுதும் பொறுப்பு அண்மையில் எனக்கு வந்திருக்கிறது. அவற்றைத் திருத்தித் தரும் மேலாளர், ‘கெட்’ கண்ணில் பட்ட இடமெல்லாம் அதை அடித்துவிட்டு ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று ஏதேனும் ஒன்றை மேலே எழுதிவிடுகிறார். கடிதம் கைக்கு வந்தாலும் ‘கெட்’, இருட்டத் தொடங்கினாலும் ‘கெட்’, வீடு போய்ச் சேர்ந்தாலும் ‘கெட்’, சொன்னது புரிந்தாலும் ‘கெட்’ என்றிருக்கிறதே, இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன? எழுத்தில் இதற்கு இடமே இல்லையா? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
ஸ்காண்டிநேவியாவில் வழங்கிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘ஃபர்கெட்’ (மறத்தல்), ‘பிகெட்’ (மகவு பெறுதல்) ஆகியவை இதற்கு உறவுச் சொற்கள். ‘கைவரப் பெறுதல்’ என்ற பொருளைப் பற்றிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். பொருளை அடைந்தால் அது பெறுதல், இடத்தை அடைந்தால் போய்ச் சேருதல், கருத்தை அடைந்தால் புரிதல், புதியதொரு நிலையை அடைந்தால் ஆதல். அகராதியில் இவை தனித்தனி எண்களோடு நிற்பதால்தான் தொடர்பற்றவை போலத் தோன்றுகின்றன.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் மேலாளரின் திருத்தம் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அது செயப்பாட்டு வினை. ‘த விண்டோ வாஸ் புரோக்கன்’ என்றால், ஜன்னல் அப்போது உடைந்த நிலையில் இருந்தது என்றும் கொள்ளலாம், யாரோ அதை உடைத்தார்கள் என்றும் கொள்ளலாம். அங்கே ‘வாஸ்’ இருக்கும் இடத்தில் ‘கெட்’டின் இறந்தகால வடிவமான ‘காட்’ வந்தால் நிலைக்கு இடமில்லை. உடைந்த நிகழ்ச்சி மட்டுமே பொருள். ‘கெட் மேரீட்’, ‘பி மேரீட்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே: முன்னது மணம் புரிந்துகொள்வது, பின்னது பெரும்பாலும் மணமானவராக இருப்பது. இந்த ‘கெட்’டை எடுத்துவிட்டு ‘பிகம்’ போட்டால் வாக்கியம் செயற்கையாகிவிடும். பேச்சுவழக்கு என்று ஒதுக்கப்படும் சொல், இங்கே இலக்கண வேலை செய்கிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: வேலை பறிபோவது, பிடிபடுவது, அடிபடுவது போன்ற வேண்டாத நிகழ்ச்சிகளோடுதான் இவ்வடிவம் மிகுதியாக வருகிறது, பதவி உயர்வு போன்ற நல்லவற்றோடும் வராமலில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. தமிழிலும் ‘அழைக்கப்பட்டார்’, ‘அழைக்கப்பெற்றார்’ என இரண்டு வழக்குகள் இருக்கின்றனவே, இதுவும் அப்படித்தானா?

பதில் 2:
வடிவில் வியப்பான ஒற்றுமைதான். ‘பெறு’ என்பதற்கும் அடைதல், மகவு ஈனுதல், செயப்பாட்டுத் துணைவினை என்ற மூன்று பயன்களும் உண்டு. ஆனால் மதிப்பில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ‘பெற்றார்’ என்பது மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரிய நடை; சிறப்பிக்கப்பெற்றார் என்போம், தண்டிக்கப்பெற்றார் என்றால் காதுக்கு ஒவ்வாது. ஆங்கிலத்தின் ‘கெட்’ வடிவமோ இயல்பான பேச்சின் நடை. எனவே ‘பெற்றார்’ என்பதைக் கண்டவுடன் ‘காட்’ என்று பெயர்த்துவிடாதீர்கள்.

பதில் 3:
பிறரைக் கொண்டு செய்விப்பதற்கும் இச்சொல் பயன்படுகிறது. நம்மவர் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். ‘மேக் ஹிம் சைன்’ என்பதில் ‘டு’ வராது. ‘கெட் ஹிம் டு சைன்’ என்பதில் ‘டு’ கட்டாயம் வர வேண்டும். முன்னதில் வற்புறுத்தல் தெரியும், பின்னதில் எடுத்துச் சொல்லி இணங்கவைத்த முயற்சி தெரியும். ‘ஹேவ்’ என்பதோடு வரும்போது ‘காட்’ என்பதற்குப் பதிலாக அமெரிக்கர் எழுதும் ‘காட்டன்’ என்ற வடிவத்தைப் பிழை என்று திருத்த வேண்டாம். அங்கே ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் பெற்றாகிவிட்டது என்று பொருள் பிரிகிறது.

அலுவல் கடிதத்தைப் பொறுத்தவரை, கடிதம், தொகை, ஒப்புதல் ஆகியவை வந்து சேர்வதைச் சொல்லும்போது உங்கள் மேலாளர் விரும்பும் ‘ரிசீவ்’ என்பதையே எழுதுங்கள். அங்கே வாதாடிப் பயனில்லை. ‘கெட் ரிட் ஆஃப்’ போன்ற தொடர்களைப் பிரித்து மாற்ற முடியாது. தேவையென்றால் முழுத்தொடரையும் எடுத்துவிட்டு ‘ரிமூவ்’ என்று எழுதலாம்.